நாட்டுக் கடன்: வகுப்பிலும் பெற்றோல் வரிசையிலும் என்னிடம் கேட்ட கேள்விகள்

உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். முன்பெல்லாம் 'பொதுப்படுகடன்' பாடத்தைத் தொடங்கினால் பின்வாங்கில் கொட்டாவி கேட்கும். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் தற்காலிகமாகக் கட்டப்போவதில்லை என்று இலங்கை அரசாங்கம் அறிவித்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பெற்றோல் வரிசையில், உள்ளங்கையில் பேனாவால் எழுதிய இலக்கத்தோடு நின்றவர்கள்கூட என்னைப் பிடித்து வைத்துக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

1. நாட்டுக் கடன் எண்டால் ஆர் ஆரிட்ட வாங்கினது? நான் ஒரு சதமும் வாங்கேல்லையே, சேர்?

அரசாங்கம் ஒரு வருடத்தில் வரியாகவும் கட்டணமாகவும் எடுப்பதைவிடக் கூடச் செலவழித்தால் அந்த இடைவெளிக்குக் கடன் வாங்கும். அந்த இடைவெளிதான் பற்றாக்குறை. வருடா வருடம் விழுந்த பற்றாக்குறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய குவியல்தான் நாட்டுக் கடன். இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பேசுகிறவர்களே அதிகம். பற்றாக்குறை இந்த வருடம் குறைந்தாலும் கடன் கூடிக்கொண்டுதான் போகும், கொஞ்சம் மெதுவாக.

கடனில் பாதிக்கு மேல் கொடுத்தவர்கள் உள்நாட்டுக்காரர். வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், ஊழியர் சேமலாப நிதியம் (ஈ.பி.எப்.) எல்லாம் திறைசேரி உண்டியலும் முறியும் (அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் குறுகிய காலக் கடன் பத்திரமும் நீண்ட காலக் கடன் பத்திரமும்) வாங்கி அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கின்றன. அந்த வகையில், உங்களுக்கு ஈ.பி.எப். இருந்தால் நீங்கள் கடன் கொடுத்தவரும்கூட. மிச்சம் வெளிநாடு: உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, வேறு நாட்டு அரசாங்கங்கள், சர்வதேசச் சந்தையில் எங்கள் முறிகளை வாங்கிய முதலீட்டாளர்கள்.

2. பிறக்கிற பிள்ளையின்ர தலையிலயும் இத்தனை லட்சம் கடன் எண்டு மேடையில சொல்லுறாங்களே?

மொத்தக் கடனைச் சனத்தொகையால் வகுத்தால் ஒரு தொகை வரும். கணக்கு சரிதான். ஆனால் அதே மேடையில் நிற்கிறவர் ஆட்சிக்கு வந்ததும் அந்த எண் அவர் வாயிலிருந்து காணாமற்போய், எதிர்க்கட்சிக்காரர் வாய்க்கு மாறிவிடும். முப்பது வருடமாக இதைத்தான் பார்க்கிறேன்.

பார்க்க வேண்டிய எண் வேறு: அரசாங்கம் வசூலிக்கும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் வட்டிக்கு மட்டும் எவ்வளவு போகிறது? 2020, 2021 வருடங்களில் அது 70 ரூபாவுக்கு மேல். மிச்சத்தில்தான் சம்பளம், ஓய்வூதியம், மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம். மிச்சம் போதாது, ஆகவே திரும்பவும் கடன்.

3. காசு அடிக்கிறதே அரசாங்கம்தானே, அடிச்சுக் கட்டிப்போட்டு விட்டா என்ன?

ரூபாக் கடனை அப்படிக் கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள். அதன் விலையைத்தான் 2022 செப்டெம்பரில் பார்த்தோம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. இலக்கத்தில் சேமிப்பு அப்படியே கிடந்தது, வாங்கும் சக்தி போய்விட்டது. அதனால்தான் 2023இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்தின் உண்டியல்களை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடுக்கிறது.

டொலரை எங்களால் அடிக்க முடியாது. தைத்த உடுப்பு, தேயிலை, சுற்றுலா, மத்திய கிழக்கில் நிற்கிற எங்கள் ஆட்கள் அனுப்பும் காசு, இவற்றால்தான் டொலர் வரவேண்டும். ஜப்பானின் கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் அது யென்னில், பெரும்பாலும் சொந்த நாட்டவரிடம் வாங்கியது. அவர்களுக்குத் தலையிடி உண்டு, ஆனால் எங்களுக்கு வந்தமாதிரி மாரடைப்பு வரவில்லை. எவ்வளவு கடன் என்பதைவிட எந்த நாணயத்தில் கடன் என்பது பெரிய கேள்வி.

4. ஒருநாள் முழுக்கடனையும் அடைச்சு முடிக்க ஏலாதா?

எந்த நாடும் அப்படிச் செய்வதில்லை, செய்யத் தேவையும் இல்லை. வாராவாரம் புதன்கிழமை 91, 182, 364 நாள் உண்டியல்கள் ஏலத்துக்கு வரும். பழையது முதிரும், அதைக் கட்டப் புதியது விற்கும். புதியதை வாங்க ஆள் இருக்கும்வரை ஓட்டம் நிற்காது. 2020இல் டொலர்ச் சந்தையில் எங்களிடம் வாங்க ஆள் இல்லாமல் போனது. விழுந்தது அதனால்தான்.

5. சீனாக்காரன்தானே எங்களை விழுத்தினவன்? துறைமுகத்தையும் எழுதி வாங்கிப்போட்டான்.

2021 ஏப்ரல் முடிவில் வெளிநாட்டு வளங்கள் திணைக்களம் வெளியிட்ட கணக்கின்படி, வெளிநாட்டுக் கடனில் சந்தையில் வாங்கியது 47 சதவீதம். ஆசிய அபிவிருத்தி வங்கி 13, ஜப்பான் 10, சீனா 10, உலக வங்கி 9, இந்தியா 2. அரச கூட்டுத்தாபனங்கள் ஊடாக வந்த சீனக் கடனையும் கூட்டினால் சீனாவின் பங்கு கிட்டத்தட்ட 20க்கு ஏறும். அது சின்னப் பங்கில்லை. ஆனாலும் கழுத்தை நெரித்தது அந்த 47.

அம்பாந்தோட்டைக் கதையில் எல்லோரும் பிழையாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. கடன் கட்ட முடியாததால் சீனா துறைமுகத்தை எடுத்தது என்பார்கள். 2017இல் நடந்தது 99 வருடக் குத்தகை. அதற்காக வந்த 1.12 பில்லியன் டொலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பை நிரப்பப் போனது. துறைமுகம் கட்ட வாங்கிய கடன் ரத்தாகவில்லை, திறைசேரியின் தலையில் அப்படியே இருந்தது. முதற்கட்டத்துக்கு வாங்கிய 307 மில்லியனுக்கு வட்டி 6.3 சதவீதம். கப்பல் வருமுன்னே வட்டி வந்தது. சீனாவை நான் நல்லவன் ஆக்கவில்லை. அந்த வட்டிக்குச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தவர்கள் இங்கே இருந்தவர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

6. கோத்தபாயதான் எண்டு ஒரு பக்கம், நல்லாட்சிதான் எண்டு மற்றப் பக்கம். ஆர் சொல்லுறது சரி?

இந்தக் கேள்விக்கு ஒரு பெயர் சொன்னால் கேட்கிறவருக்குத் திருப்தியாக இருக்கும். என்னால் சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் சரிபாதி என்று நழுவவும் மாட்டேன்.

2007இல், மகிந்த ராஜபக்ச காலத்தில், முதன்முறை சர்வதேச இறைமை முறி விற்று 500 மில்லியன் டொலர் எடுத்தார்கள். அதுவரை பெரும்பாலும் குறைந்த வட்டியில், நீண்ட தவணையில் கிடைத்த கடன். முறி அப்படியில்லை: வட்டி கூட, ஐந்து அல்லது பத்து வருடத்தில் முழு முதலையும் ஒரே நாளில் வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் கடன் எடுத்துப் போட்ட வீதியும் மத்தள விமான நிலையமும் டொலர் உழைத்துத் தரவில்லை. 2015இல் வந்த மைத்திரி–ரணில் கூட்டான நல்லாட்சிக்காரர் 2018 ஏப்ரலில் 2.5 பில்லியன், 2019 மார்ச்சில் 2.4, ஜூனில் இன்னும் 2 பில்லியன் என்று எடுத்தார்கள். பழைய கடனைக் கட்டத்தான் எடுத்தோம் என்பது அவர்களின் பதில். பெருமளவு உண்மையும்கூட. வரி வருமானத்தைக் கூட்டியதும் அவர்கள்தான், 2018இல் வட்டியை ஒதுக்கிப் பார்த்தால் வரவு செலவைவிடச் சற்றே கூட இருந்தது. ஆனால் ஏற்றுமதி அந்த வேகத்தில் வளரவில்லை. டொலர்க் கடன் வளர்ந்தது.

பிறகு 2019 டிசம்பர், கோத்தபாய ஜனாதிபதியாகி அடுத்த மாதம். வற் எனும் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 சதவீதம். வருடத்துக்கு 12 மில்லியன் ரூபா புரள்வு இருந்தாலே வற்றுக்குள் வரவேண்டும் என்றிருந்த எல்லை 300 மில்லியனுக்கு உயர்ந்தது. 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12.6 சதவீதமாக இருந்த அரச வருமானம் 2021இல் 8.3. கொவிட் வந்ததும் காரணம்தான், ஆனால் வரியைக் கொவிட் வெட்டவில்லை. ஒரு நாடு கடனைத் திருப்பிக் கட்டுமா என்று புள்ளி போடும் தரப்படுத்தல் நிறுவனங்கள் எங்களைக் கீழே தள்ள, 4ஆம் பதிலில் சொன்ன சந்தை மூடிக்கொண்டது. அந்த நேரம் கடன்காரரோடு பேசியிருக்கலாம். பேசாமல் 2019 முடிவில் இருந்த 7.6 பில்லியன் கையிருப்பை எடுத்து எடுத்துக் கட்டினார்கள். 2022 ஜனவரி 18இல்கூட 500 மில்லியன் முறி ஒன்றைக் கட்டினார்கள். மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி வாங்க டொலர் இல்லாமல் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. இதற்கிடையில் 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை வேறு.

பசுவை மாறி மாறிக் கறந்தவர்கள் பலர். தீனியை நிறுத்தியவர்கள் 2019 டிசம்பரில் இருந்தவர்கள். என் தீர்ப்பு இதுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 ஜனவரியில் என் மனைவியின் சம்பளச் சீட்டிலிருந்து உழைக்கும்போதே வெட்டும் அந்த வரி காணாமற்போனபோது வீட்டில் ஒருவரும் அழவில்லை. மிஞ்சிய காசை நம்பித் தவணைக்கு ஒரு சலவை இயந்திரம் எடுத்தோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. இயந்திரத்தின் மேல் துணி விரித்து மெழுகுதிரி வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள்.

7. நீதிமன்றமே அவங்கள்தான் குற்றவாளி எண்டு சொல்லிப்போட்டுது. பிறகென்ன?

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களில் நால்வர், கோத்தபாய, மகிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்களும் திறைசேரி அதிகாரிகளும் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு என்றும், மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்றும் தீர்ப்பளித்தார்கள். அது குற்றவியல் வழக்கு இல்லை. ஆகவே சிறைத் தண்டனை இல்லை. மனுதாரர்கள் நட்டஈடு கேட்கவும் இல்லை. கிடைத்தது வழக்குச் செலவாக 150,000 ரூபா.

பெரிய தீர்ப்புத்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வழக்கு குறிப்பிட்ட காலத்தில் எடுத்த முடிவுகளைப் பற்றியது. 2007இலிருந்து ஓடிவந்த கடனை எவரும் நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைக்கவில்லை.

8. களவெடுத்த காசைப் பிடிச்சாலே கடன் முழுக்கக் கட்டலாமே?

கோபம் நியாயமானது. பிடிக்கவும் வேண்டும். ஆனால் 2022இல் நாட்டின் வெளிநாட்டுக் கடன் கிட்டத்தட்ட 51 பில்லியன் டொலர். பெட்டிகளில் ஒளித்து வைத்திருக்கிற காசு என்று நாங்கள் நினைப்பதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஊழலின் பெரிய சேதம் சட்டைப்பைக்குள் போன பங்கில் இல்லை. அந்தப் பங்கு கிடைக்கும் என்பதற்காகவே தேவையில்லாத திட்டம் ஒன்று எடுபடுகிறதே, சேதம் அங்கேதான். ஒரு பங்கை எடுக்க ஒன்பது பங்கைக் கடலில் கொட்டுகிற வேலை அது. கொட்டினதைப் பிடிக்க முடியாது.

9. கட்டமாட்டம் எண்டு சொன்னா என்ன செய்வாங்கள்? படையெடுத்து வருவாங்களோ?

வரமாட்டார்கள். சொல்லியும் பார்த்தோம். முதலில் தவறியது 78 மில்லியன் டொலர் வட்டி, சலுகை நாட்களும் 2022 மே 18இல் முடிந்தன. அதன்பின் கடனுக்குப் பொருள் தர எவரும் தயாரில்லை, காசைக் காட்டினால்தான் சரக்கு இறங்கும். எரிபொருள் கப்பல் கடலில் நிற்க, கரையில் நாங்கள் வரிசையில் நின்றோம். ரூபா 200இலிருந்து சில வாரங்களில் 360 அளவுக்குப் போனது.

எக்குவடோர் 2008இல் தன் கடனைக் கணக்காய்வு செய்து, சில முறிகள் சட்டவிரோதமானவை என்று அறிவித்துக் கட்ட மறுத்தது. அடுத்த வருடம் அவற்றையே அடிமாட்டு விலைக்குத் திருப்பி வாங்கியது. அதைக் காட்டி நாங்களும் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அந்த நாட்டிடம் விற்க எண்ணெய் இருந்தது. எங்களிடம் இறக்க எண்ணெய் இல்லை.

10. கடன் வாங்கினது அவங்கள், கட்டுறது நாங்களோ? ஈ.பி.எப்.பிலயும் கை வைச்சிட்டாங்கள்.

ஆடைத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்த ஒரு அக்கா, மடித்து மடித்துக் கிழியும் நிலையிலிருந்த ஈ.பி.எப். கூற்றைக் கொண்டுவந்து காட்டினார். "தம்பி, இதில எவ்வளவு வெட்டுவாங்கள்?" என்றார். இருக்கிற மீதியில் ஒரு சதமும் வெட்டவில்லை. வெட்டியது இனி வரவேண்டிய வட்டியில். 2023 ஜூலையில் வந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், நிதியத்தின் முறிகளைக் குறைந்த வட்டியுள்ள புதிய முறிகளாக மாற்றச் சொன்னார்கள்: 2025 வரை 12 சதவீதம், பிறகு 9. மாற்றாவிட்டால் 14 சதவீத வரி 30 ஆகும் என்ற மிரட்டலோடு. அங்கத்தவருக்கு 9 சதவீதம் உறுதி என்றார்கள்.

வங்கிகள் வைத்திருந்த முறிகளைத் தொடவில்லை. அவை ஏற்கெனவே கூடிய வரி கட்டுகின்றன, வங்கி ஆட்டம் கண்டால் எல்லாம் விழும் என்பது காரணம். பாதிக் காரணம் சரி. ஆனால் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியபோது உண்டியல் வாங்கிப் போட்ட தனியாரின் காசையும் தொடவில்லை. கையில் காசிருந்தவர் நெருக்கடியில் உழைத்தார், தையல் மெஷினில் இருந்தவரின் ஓய்வுகால வட்டி குறைந்தது. இதை நியாயம் என்று வகுப்பில் விளக்க எனக்கு வாய் வரவில்லை.

வரியும் அப்படித்தான். வற் 2022இல் இரண்டு தரம் ஏறி 15, 2024 ஜனவரியில் 18. சமையல் காஸுக்கும் எரிபொருளுக்கும் இருந்த விலக்கும் போனது. மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். அரசாங்கத்துக்கு வருமானம் வேண்டும் என்பதை 6ஆம் பதிலில் நானே சொன்னேன். அதை யாரிடம் எடுப்பது என்பதில்தான் சண்டை.

11. வடக்கு, கிழக்கில இருக்கிற நாங்கள் ஏன் கட்டவேணும்? எங்கள்மேல குண்டு போட வாங்கின கடனும் இதுக்குள்ள இருக்குதுதானே?

இருக்கிறது. யுத்த காலத்துப் பாதுகாப்புச் செலவு பற்றாக்குறையில் பெரும் பங்கு, பற்றாக்குறைகளின் குவியல்தான் கடன் என்று முதற் பதிலிலேயே சொன்னேன். 2009 மேயில் யுத்தம் முடிந்த பிறகும் பாதுகாப்புச் செலவு யுத்தம் முடிந்த நாட்டின் செலவுபோல் குறையவில்லை.

மக்களுக்கு எதிராகவே ஒரு ஆட்சி வாங்கிய கடனை அந்த மக்கள் கட்டத் தேவையில்லை என்றொரு கோட்பாடு 1920களிலிருந்தே சட்ட அறிஞர்களிடம் உண்டு. நீதிமன்றங்கள் அதை ஏற்றதாக வழக்கமில்லை. கடன் ஆட்சிக்கு அல்ல, அரசுக்கு என்றே அவை பார்க்கும். முள்ளிவாய்க்காலில் எல்லாம் இழந்த ஒருவர் கிளிநொச்சிக் கடையில் சவர்க்காரம் வாங்கினாலும் அதே 18 சதவீதம். பற்றுச்சீட்டு ஊர் பார்ப்பதில்லை. இதற்கு ஆறுதலான பதில் என்னிடம் இல்லை. 2022இல் காலிமுகத்திடலில் கூடிய இளைஞர்களைப் பார்த்து இங்கே பலர் ஒதுங்கி நின்றதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

12. புது அரசாங்கம் வந்தா ஐ.எம்.எப்.ஐத் தூக்கி எறியும் எண்டாங்கள். இவையும் அதேதானே?

தூக்கி எறிவதாக அல்ல, திரும்பப் பேசுவதாகத்தான் தேசிய மக்கள் சக்தி சொன்னது. சர்வதேச நாணய நிதியத்தின் உடன்பாடு 2023 மார்ச் 20இல் வந்தது: நான்கு வருடத்தில் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர், இலங்கைக்கு 17ஆவது தடவை. பழைய முறிகளை மாற்றுவது பற்றி முறிக்காரரோடு கொள்கையளவில் இணக்கம் கண்டது 2024 செப்டெம்பர் 19, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன். தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாக வந்ததும் அதைக் கிழிக்கவில்லை, டிசம்பரில் முடித்துவைத்தார். திரும்பப் பேசப் போனால் மாதக்கணக்கில் இழுபடும், அதுவரை புதுக் கடன் இல்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது இந்தக் கணக்கு தெரியாதா என்று கேட்டால், தெரியும் என்றே நினைக்கிறேன்.

13. இனிக் கடன் வாங்கக்கூடாது எண்டு ஒரு சட்டம் போட்டா முடிஞ்சுதே?

போட்டார்கள். 2003இலேயே நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் வந்தது. கடன் எந்த வருடத்துக்குள் எந்த அளவுக்கு இறங்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வருடம் நெருங்கும்போது கடனை இறக்கவில்லை, வருடத்தைத் தள்ளி வைத்தார்கள். 2024இல் புதிய சட்டங்கள் வந்திருக்கின்றன. திருத்தும் பேனாவும் அதே பாராளுமன்றத்தில்தான் இருக்கிறது.

14. 2028இல திரும்பவும் விழுவமோ?

வேறு நாட்டு அரசாங்கங்களிடம் வாங்கிய கடனின் முதலை 2028 முதல் கட்ட வேண்டும் என்பதால் அந்த வருடம் பேய்க்கதை ஆகிவிட்டது. 2024 முடிவில் கையிருப்பு 6 பில்லியன் டொலரைத் தாண்டியது. அதைத் தொடர்ந்து ஏற்ற முடிந்தால் விழத் தேவையில்லை. ஐந்து வருடம் பூட்டி வைத்திருந்த வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்ததும் சனம் எப்படிப் பாய்ந்தது என்று பார்த்தவர்களுக்கு அந்த 'முடிந்தால்' விளங்கும்.

15. சேர், நாடு நல்லா வளர்ந்தா கூடக் காசு கட்டவேணுமாம். கேலிக்குச் சொல்லுறாங்களா, உண்மையா?

உண்மை. 2024 டிசம்பரில் மாற்றிக் கொடுத்த முறிகளில் ஒரு வகை பொருளாதாரத்தோடு கட்டுண்டது. 2025 முதல் 2027 வரையான மொத்த உள்நாட்டு உற்பத்தி, ஒப்பந்தத்தில் எழுதிய அளவைவிடக் கூடினால் முறிக்காரருக்குக் கொடுப்பது கூடும், குறைந்தால் குறையும். கடன்காரருக்கு எங்கள் வளர்ச்சியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் பலகையில் எழுதி முடிக்குமுன் முன்வாங்கிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அந்த உற்பத்தியை ரூபாவிலயா, டொலரிலயா அளப்பினம்?" டொலரில். "அப்ப ஒண்டும் கூட உற்பத்தி செய்யாமல், ரூபா மட்டும் பலமானாலும் டொலர்க் கணக்கு ஏறுமே, சேர்?" ஏறும். ஆனால் அது மட்டும் போதாது: கூடக் கட்ட வேண்டுமென்றால் மெய்யான வளர்ச்சியும் ஓர் அளவைத் தாண்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது.